எல்லோரிடமும் கட்டணம், சிலருக்கு மட்டும் மேடை: மாணவர் கட்டண ஒதுக்கீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் கட்டண ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அந்தக் குழுவின் முடிவுகளில் கையெழுத்திடும் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவுக்கும்,

எல்லா மாணவர்களிடமும் கட்டாயமாக வாங்குகிற கட்டணத்திலிருந்து எங்கள் மாணவர் அமைப்பு கேட்ட 1,850 டாலரை நீங்கள் மறுத்தது பற்றி ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் மின்னஞ்சலுக்கு "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அதனால் இப்போது பொதுவில், தமிழில் எழுதுகிறேன். இந்த வளாகத்திலும் அமெரிக்காவின் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இதே மாதிரிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, அது எங்கே போகிறது என்று கேட்கலாமா கூடாதா என்றே தெரியாமல் இருக்கிற தமிழ் மாணவர்கள் நிறையப் பேர். அவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்கள் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவர் படித்துச் சொல்லட்டும்.

நாங்கள் கேட்டது ஒரு மாலை நேரக் கலந்துரையாடலுக்கான செலவு. அமெரிக்க வளாகங்களில் சாதி என்பது தலைப்பு. பேச்சாளரின் விமான டிக்கெட், இரண்டு இரவு தங்கும் செலவு, அரங்கத்துக்கும் மைக்குக்கும் பல்கலைக்கழகமே எங்களிடம் வாங்குகிற வாடகை, இவ்வளவுதான் கணக்கு. தேநீர்ச் செலவை நாங்களே பார்த்துக்கொள்வதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம்.

விசாரணைக்கு எங்களுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. தலைவர் தன் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிமிர்த்தி வைத்து டைமரை ஓடவிட்டார், நான் பேசும்போது எண்கள் குறைவது என் கண்ணிலேயே பட்டுக்கொண்டிருந்தது. ஐம்பது விநாடி மிச்சம் இருக்கும்போது ஓர் உறுப்பினர் குறுக்கிட்டு, "இது இந்திய மாணவர்களுக்குள் பிளவை உண்டாக்காதா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன், மணி அடித்துவிட்டது. அடுத்த அமைப்பு உள்ளே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது, நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அந்தக் கேள்விக்கு நான் சொல்ல வந்த பதிலை இன்றுவரை நீங்கள் யாரும் கேட்கவில்லை.

மதிப்பெண் தாளை மூன்று முறை கேட்ட பிறகுதான் தந்தீர்கள். அதில் ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பட்ஜெட் தெளிவுக்கு 9. எல்லா மாணவர்களுக்கும் அனுமதி உண்டா என்பதற்கு 10. திட்டமிடலுக்கு 8. அப்புறம் "வளாக ஒற்றுமைக்குப் பங்களிப்பு" என்ற தலைப்பில் 2. "முந்தைய நிதிப் பதிவு" என்ற தலைப்பில் 0, ஏனென்றால் நாங்கள் போன வருடம்தான் அமைப்பைப் பதிவு செய்தோம். ஓரத்தில் பேனாவால் யாரோ எழுதியிருக்கிறார்கள்: "ரொம்ப சர்ச்சைக்குரியது. அடுத்த வருடம் பார்க்கலாம்."

அந்த ஓரக் குறிப்புதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. பணம் கிடைக்காததில் வருத்தம் உண்டு, ஆனாலும் கேட்ட எல்லோருக்கும் தரும் அளவுக்கு உங்களிடம் பணம் இல்லை என்பது எனக்கும் புரியும். பட்ஜெட் சரியில்லை என்றோ கூட்டம் வராது என்றோ மறுத்திருந்தால் திருத்திக்கொண்டு அடுத்த முறை வந்திருப்பேன். நீங்கள் மறுத்தது நாங்கள் சொல்லப்போகும் விஷயத்துக்காக. அதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கட்டண ரசீதிலிருந்தே சொல்கிறேன். துறையில் பாடம் நடத்துவதால் எனக்கு டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், தள்ளுபடி. மற்ற கட்டணங்களுக்குத் தள்ளுபடி கிடையாது. ஒவ்வொரு செமஸ்டரும் என் கணக்கைத் திறந்தால் டியூஷனுக்கு நேரே ஒரு கழித்தல் குறி இருக்கும், அதன் கீழே கழித்தல் குறி இல்லாத வரிகள்: சுகாதாரம், பஸ், தொழில்நுட்பம், உடற்பயிற்சிக் கூடம், மாணவர் செயல்பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற ஸ்டைபெண்டில் வாடகை போக மிச்சத்தில் இதை மொத்தமாகக் கட்ட முடியாமல் நான்கு தவணையாகப் பிரித்துக் கட்டுகிறேன், அப்படிப் பிரித்ததற்கும் தனியாக ஒரு கட்டணம் வாங்குகிறீர்கள். கட்டாவிட்டால் கணக்கில் ஹோல்டு விழும். ஹோல்டு விழுந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிய முடியாது. இங்கே பிறந்த மாணவருக்கு அது பெரிய தொல்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிற எனக்கு அதைவிடப் பெரியது, முழுநேர மாணவராகப் பதிந்திருக்கவில்லை என்றால் இந்த நாட்டில் இருக்கிற தகுதியே போய்விடும். நான் அந்தக் கட்டணத்தை விரும்பித் தருவதாக யாரும் நினைக்க வேண்டாம். கட்டு, இல்லையென்றால் கிளம்பு என்பதுதான் அதன் நிபந்தனை.

முதல் வருடம் எனக்குக் கோபம்தான் வந்தது. நூலக வாசலில் ஒரு சுவரொட்டி. என்னைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு வருவதையே நிறுத்த வேண்டும் என்று பேசுகிற ஒருவரை ஓர் அமைப்பு அழைத்திருந்தது, கீழே சின்ன எழுத்தில் "உங்கள் மாணவர் கட்டணத்தின் உதவியுடன்" என்று அச்சிட்டிருந்தார்கள். என் பணத்தில் என்னையே வெளியே போகச் சொல்கிறார்களே என்று அறைத்தோழனிடம் ராத்திரி முழுக்கப் புலம்பினேன். இதே கேள்வியை எனக்கு முன்பே சிலர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் ஸ்காட் சவுத்வொர்த் என்ற சட்ட மாணவரும் வேறு சிலரும் 1996-ல் போட்ட வழக்கு அது. அப்போது அங்கே வருடத்துக்கு 331.50 டாலர் கட்டாயக் கட்டணம். எங்கள் நம்பிக்கைக்கு நேர் எதிரான அமைப்புகளுக்கு எங்கள் பணம் போகிறது, ஒருவருடைய பேச்சுக்குப் பணம் கொடு என்று அரசு எங்களைக் கட்டாயப்படுத்துவது, பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவர்கள் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 22 அன்று அதை மாற்றியது. 9 நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. மாணவர்களுக்குள் பலவிதக் கருத்துகள் புழங்க வேண்டும் என்பதற்காக ஓர் அரசுப் பல்கலைக்கழகம் கட்டாயக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்தப் பணத்தைப் பங்கிடும்போது யார் என்ன கருத்து சொல்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாணவரை அவர் வெறுக்கும் பேச்சுக்கும் பணம் கட்ட வைக்கிறோமே, அதற்கு ஈடாக அவருக்குக் கிடைக்கிற முதன்மையான பாதுகாப்பு இந்த நடுநிலைதான்.

இதைப் படித்த பிறகு என் கோபம் அடங்கியது. அந்தச் சுவரொட்டிக்காரருக்கு என் பணம் போகட்டும், நாளைக்கு நான் பேச வரும்போது அவர் பணமும் எனக்கு வரும் என்று நம்பிக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் உங்களுக்கும் இருந்த ஒப்பந்தம் அதுதான். ஓரத்தில் ஐந்து வார்த்தை எழுதி நீங்கள் அதை முறித்துவிட்டீர்கள்.

மறுத்த பிறகு தாழ்வாரத்தில் உங்கள் தலைவர் என்னிடம் பணிவாகவே ஒரு விளக்கம் சொன்னார். "நாங்களும் மாணவர்கள்தானே, அரசாங்கமா என்ன?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கட்டணத்தை வசூலிப்பது அரசுப் பல்கலைக்கழகம், கட்டாதவர்மேல் ஹோல்டு போடுவது அதே பல்கலைக்கழகம், உங்கள் பட்டியலுக்குக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை விடுவிப்பதும் அதே பல்கலைக்கழகம்தான். அது தந்த அதிகாரத்தில்தான் நீங்கள் மதிப்பெண் போடுகிறீர்கள். விஸ்கான்சினில் பெரும்பாலான பணத்தைப் பங்கிட்டதும் மாணவர் குழுக்கள்தான், அதனால் நடுநிலை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடவில்லை.

"ஒற்றுமைக்குப் பங்களிப்பு" என்ற தலைப்பைக் கேட்டால் யாருக்கும் தப்பாகத் தோன்றாது. அதை வைத்து மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஊரோடு ஒத்துப் பேசுகிறவருக்கு 10 விழும், ஊர் கேட்க விரும்பாததைச் சொல்பவருக்கு 2 விழும். இந்தத் தலைப்பின் கீழ் நல்ல மதிப்பெண் வாங்க ஒரே வழி, யாருக்கும் சங்கடம் தராத ஒன்றைச் சொல்வது. அப்படிப் பேசுவதற்கு யாருடைய பாதுகாப்பும் தேவையில்லை.

"முந்தைய நிதிப் பதிவு" இன்னும் மோசம். சவுத்வொர்த் வழக்கின் தொடர்ச்சியாக 2002-ல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே எடுத்துப் பேசியிருக்கிறது. ஓர் அமைப்பு எத்தனை வருடமாக இருக்கிறது, முன்பு எவ்வளவு பணம் வாங்கியது என்பதையெல்லாம் வைத்துப் பங்கிட்டால் பழைய, செல்வாக்கான கருத்துகளுக்கே பணம் போய்க்கொண்டிருக்கும், அது நடுநிலை ஆகாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. முடிவெடுப்பவர் கையில் கட்டுப்பாடில்லாத விருப்புரிமை இருப்பதே தவறு என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், நம்மை அல்ல என்று உங்கள் சட்ட ஆலோசகர் சொல்லலாம். சரி. ஆனால் அதில் உள்ள நியாயம் மாநில எல்லையில் நின்றுவிடுமா? போன வருடம் பிறந்த அமைப்புக்கு முந்தைய பதிவு எங்கிருந்து வரும்?

தொகை சின்னது, இதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சான் மார்கோஸ் வளாகத்தில் கருக்கலைப்பை எதிர்க்கும் மாணவர் அமைப்பு ஒன்று ஒரு பேச்சாளரை அழைக்கக் கேட்டது 500 டாலர். மறுத்தார்கள், வழக்கு வந்தது. அங்கே கட்டணப் பணத்தைப் பங்கிடுவதற்குச் சரியான வரைமுறை எதுவும் இல்லை, பாரபட்சம் நடக்காமல் தடுக்க வழியே இல்லை என்று 2019-ல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அந்த மாணவர்களின் கருத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் அந்த 500 டாலரும் எங்கள் 1,850 டாலரும் ஒரே கணக்குத்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்தத் தலைப்பு ஏதோ எங்கள் சொந்தப் பஞ்சாயத்து, இங்கே எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். பாஸ்டன் பக்கத்தில் உள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லேயே பாகுபாட்டுக்கு எதிரான தன் விதியில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களுக்கும் 2022 ஜனவரியில் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சட்டமே போட்டது. அதே வருடம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம், இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி அக்டோபரில் திருப்பிவிட்டார். எதிர்த்தவர்களில் இந்திய வம்சாவளி அமைப்புகள் பல. அதாவது இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற, இன்னும் முடியாத ஒரு விவாதம் இது. இதைப் பல்கலைக்கழகத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? 1916 மே மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் அம்பேத்கர் என்ற 25 வயது மாணவர் சாதி எப்படி உருவானது என்று ஆய்வுரை வாசித்தார். அன்றைக்கு ஒரு வகுப்பறையில் பேச முடிந்ததை இன்றைக்கு எங்களால் பேச முடியவில்லை.

எங்கள் நிகழ்ச்சிக்கு எதிராக இன்னொரு மாணவர் அமைப்பு உங்களுக்குக் கடிதம் எழுதியதும் எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. எழுத அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சாதி என்பதே இங்கே கிடையாது, இந்தப் பேச்சே எங்களை அவமானப்படுத்துகிறது என்று அவர்கள் ஒரு கூட்டம் போட விரும்பினால், அதற்கும் இதே கட்டணத்திலிருந்து பணம் கேட்டால், அவர்களுக்கும் கொடுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன், கேள்வி நேரத்தில் எழுந்து நிற்பேன். என் புகார் உங்கள்மேல்தான். ஒருவர் எழுதிய எதிர்ப்புக் கடிதத்தை இன்னொருவரின் வாயை மூடும் அனுமதிச் சீட்டாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

இப்போது அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் மூன்று யோசனைகளுக்கு வருகிறேன், அவை எல்லாமே நடந்ததைவிட மோசமானவை.

சர்ச்சைக்குரிய நிகழ்ச்சிகளுக்கு மாணவர் வாக்கெடுப்பு என்பது ஒன்று. கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. ஆனால் நாற்பது பேர் இருக்கிற அமைப்பு ஆயிரக்கணக்கான பேரின் வாக்கை வாங்கித்தான் பேச வேண்டும் என்றால் அது பேசப்போவதே இல்லை. 2000-ஆம் வருடத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தயங்கி நின்ற ஒரே இடம் இந்த வாக்கெடுப்புதான். சிறுபான்மைக் கருத்துக்கும் பெரும்பான்மைக் கருத்துக்கு இருக்கிற அதே மரியாதை கிடைக்க வேண்டும், தலைக்கணக்கு வைத்து முடிவு செய்தால் அந்த நடுநிலையே போய்விடும் என்று சொல்லித்தான் அந்த ஒரு பகுதியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

பேச்சாளர் நிதியையே மொத்தமாக நிறுத்திவிடலாம், அப்போது பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது என்பது இரண்டாவது யோசனை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2015-ல் இதைத்தான் செய்தார்கள். ஒரு மாணவர் இதழ் மிக மோசமான, பலரைப் புண்படுத்திய ஒரு கட்டுரையை வெளியிட்டது, உடனே மாணவர் பேரவை எல்லா அச்சு இதழ்களுக்கும் சேர்த்து நிதியை வெட்டியது. அந்த இதழ் வழக்குப் போட்டது, கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2019-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. ஒருவரைத் தண்டிப்பதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்தினாலும் அது தண்டனைதான். எங்கள் விண்ணப்பம் வந்த பிறகுதானே இந்த யோசனை உங்களுக்கு வந்தது?

மூன்றாவது, பிடிக்காதவர்கள் கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது. தவணை கட்டித் திணறுகிற எனக்கே இது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இது எப்படி முடியும் என்று பார்த்தாயிற்று. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர் நாளிதழின் 1979-ஆம் வருட நகைச்சுவை இதழ் பலரைக் கோபப்படுத்தியது, ஆட்சிக் குழு அந்த நாளிதழுக்கான கட்டணத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றியது, 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை எழுத்துக்காகக் கொடுத்த தண்டனை என்று சொல்லி ரத்து செய்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாண அரசு 2019-ல் இதையே மாகாணம் முழுவதும் செய்து பார்த்தது. விளையாட்டுக்கும் சுகாதாரத்துக்கும் கட்டாயம், மாணவர் இதழுக்கும் மாணவர் சங்கத்துக்கும் விருப்பம் என்று பிரித்தார்கள். அதே வருடம் நவம்பரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2021-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. உடற்பயிற்சிக் கூடத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள், பேசுகிறவர்களைத்தான் எதிர்ப்பார்கள். அதனால் விருப்பக் கட்டணம் என்று வந்தால் முதலில் சாவது பேச்சுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும், இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. விண்ணப்பத்தில் ஐந்து பேர் பெயர் இருந்தது. சமர்ப்பிக்கும் முன்பே இரண்டு பேர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், இரண்டு பேரும் விசாவில் இருப்பவர்கள். 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸில், தன் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்த ஆராய்ச்சி மாணவியை முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போன காணொளியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். என் அம்மா அன்றைக்கு ராத்திரி போன் செய்து, "நீ எதுவும் எழுதிவிடாதேப்பா, படிப்பை மட்டும் பார்" என்றார். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அப்படிப் பயந்து கிடக்கிற ஒரு நேரத்தில், மூன்று பேர் துணிந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்தோம். "சர்ச்சைக்குரியது, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று நீங்கள் எழுதியதை அந்த இரண்டு பேரும் படித்தார்கள். ஒதுங்கியது சரிதான் என்று இப்போது நினைக்கிறார்கள். அடுத்த வருடம் நான் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவேன், மீதி இருக்கும் இரண்டு பேர் திரும்ப வருவார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது இவைதான். எங்கள் விண்ணப்பத்தை "ஒற்றுமை", "முந்தைய நிதிப் பதிவு" என்ற இரண்டு தலைப்புகளையும் எடுத்துவிட்டு, மீதி மூன்றை மட்டும் வைத்து மறுபடி மதிப்பிடுங்கள். அப்போதும் பணம் இல்லை என்றால் ஏற்றுக்கொள்கிறேன். இதே இரண்டு தலைப்புகளால் இந்த வருடம் மறுக்கப்பட்ட மற்ற அமைப்புகளையும் கூப்பிட்டு அவர்களுக்கும் இதைச் செய்யுங்கள், அவர்கள் யார் பக்கம் பேசுகிறவர்களாக இருந்தாலும் சரி. அந்த இரண்டு தலைப்புகளையும் விதிமுறையிலிருந்து நிரந்தரமாக நீக்குங்கள். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில், பத்து நாளுக்குள், கேட்காமலே கொடுங்கள். விசாரணையைப் பதிவு செய்து எல்லோரும் கேட்கும்படி வையுங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் நேரத்தை மூன்று நிமிடத்தில் கழிக்காதீர்கள். உங்கள் முடிவின்மேல் மேல்முறையீடு செய்ய, உங்கள் குழுவில் இல்லாத ஆட்களைக் கொண்ட ஓர் அமைப்பு வேண்டும். இப்போது மேல்முறையீடும் உங்களிடமே வருகிறது.

ஆட்சிக் குழுவிடம் கேட்பது இரண்டு. அடுத்த மாதம் வரும் மூன்று யோசனைகளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என் கட்டண ரசீதில் "மாணவர் செயல்பாடு" என்று ஒரே வரியாக இருப்பதைப் பிரித்து, அதில் எவ்வளவு எந்த அமைப்புக்கு எதற்காகப் போனது, யாருக்கு எதனால் மறுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு செமஸ்டரும் வெளியிடுங்கள். கட்டுகிறவர்கள் பார்க்கட்டும்.

அடுத்த ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். எங்கள் பேச்சாளர் தேதியை இன்னும் ரத்து செய்யவில்லை, உங்கள் பதிலுக்காக அவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது தவணை கட்டியிருக்கும் ஒரு முனைவர் பட்ட மாணவன்